புளிக் கிட்டங்கியில் ஒரு கடை

நான் கவலைப்படுவதற்கென்றே பிறந்தவள் என்று என் வீட்டுக்காரர் சுஹைப் சொல்வார். சவுதியில், தம்மாமில் உட்கார்ந்துகொண்டு சொல்வார். எங்கள் மகள் நஸீபா கைக்குழந்தையாக இருந்தபோது ஏசி மெக்கானிக்காகப் போன மனுஷன். அவள் இப்போது பத்தாம் வகுப்பு. நடுவில் லீவில் வந்து போனதையெல்லாம் கூட்டினாலும் அப்பாவும் மகளும் ஒரே வீட்டில் இருந்தது ஒன்றரை வருஷம் தேறுமா என்பது சந்தேகம். கடையநல்லூரில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இதே கதைதான் என்பதால் யாரும் இதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை. நான் சொல்வேன். எனக்கு இது பிடிக்கவில்லை, ஒருநாளும் பிடித்ததில்லை.

அதற்காகத்தான் கடை ஆரம்பித்தேன். நாலு பேருக்கு நல்லது செய்யவும்தான், அதை இல்லையென்று சொல்லவில்லை. நாகர்கோவிலில் கிறிஸ்டி மேடம் நடத்துகிற சங்கத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்து, நியாய வணிகம் என்றால் என்னவென்று கற்றுக்கொண்டிருந்தேன். ஓலைப்பெட்டி முடைகிறவர்களுக்கும் துணி நெய்கிறவர்களுக்கும் சரக்கைக் கையில் வாங்கும்போதே முழுத் துட்டையும் கொடுத்துவிட வேண்டும். விற்கவில்லை, கறைபட்டுவிட்டது என்று எதையும் திருப்பி அனுப்பக் கூடாது. கடைக்குள் வந்துவிட்டால் அதன் நல்லது கெட்டது எல்லாம் கடையைச் சேர்ந்தது. பெயின்டரைக் கூப்பிட்டு இதையெல்லாம் வாசலுக்கு எதிரே சுவரில் பெரிதாக எழுத வைத்தேன். எழுதாமல் மனசுக்குள் வைத்திருந்தது ஒன்றுதான். இந்தக் கடை எங்கள் மூன்று பேருக்கும் சோறு போட்டால் சுஹைப் ஊருக்கே வந்துவிடலாம்.

இடம் கிடைத்தது தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில். செல்லச்சாமி அண்ணாச்சியின் கிட்டங்கி, சரக்கு அடுக்குகிற பழைய கோடவுன். அவருடைய அப்பா அங்கே புளி மொத்த வியாபாரம் செய்தவர். புளியில் உப்பைப் போட்டு மிதித்து, சிப்பம் கட்டி, கூரை முட்ட அடுக்கி, புளியறை தாண்டி லாரி லாரியாக மலையாளத்துக்கு அனுப்பிய இடம். அண்ணாச்சி வியாபாரத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் போலீசில் சேர்ந்து, சென்னையில் சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றுத் திரும்பியவர். கிட்டங்கி பல வருஷம் பூட்டியே கிடந்தது. தடிமனான சுவர், ஓட்டுக்கூரை, தேக்கு உத்தரம். சீசனுக்கு வருகிற வேனும் காரும் அத்தனையும் அந்த வாசலைத் தாண்டித்தான் அருவிக்குப் போக வேண்டும். பார்த்த அன்றே எனக்கு மூச்சு வாங்கியது, ஆசையில் பாதி, பயத்தில் பாதி.

"புளிக் கிட்டங்கியில துணிமணி விக்கப் போறிய. நல்லா யோசிச்சுக்கிட்டியளாம்மா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"யோசிக்கதைத் தவிர நான் வேற என்ன அண்ணாச்சி செய்யுதேன்?"

பொய்யில்லை. எல்லாவற்றையும் யோசித்தேன். வேன் எங்கே நிற்கும், வருகிறவர்கள் பாத்ரூம் கேட்டால் என்ன செய்வது, ஈரத் துணியோடு உள்ளே வந்து டைல்ஸில் வழுக்கி விழுந்துவிட்டால் யார் பதில் சொல்வது, விற்க வைக்கிற தேன் பாட்டிலில் எறும்பு ஏறினால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக் கவலைப்பட்டேன். சுவரைப் பற்றி மட்டும் கவலைப்படவில்லை. சுவர் பாட்டுக்கு நிற்கிறது, அதற்கு என்ன வந்தது என்று இருந்துவிட்டேன்.

பங்குனி, சித்திரை வெயிலில் வேலை நடந்தது. கொத்தனார் இசக்கிமணி பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் வழவழவென்று சிமெண்ட் பூசினான். தரைக்கு டைல்ஸ், சுவரை ஒட்டி வரிசையாக மரத் தட்டுகள், மேலே வெளிச்சத்துக்கு லைட்டுகள். பெயின்ட் அடித்து முடித்தபோது இங்கே புளி மூட்டை இருந்தது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

எங்களைக் கெடுத்தது குரங்கு. கூரைக்குக் கீழே சுவர் நெடுகக் காற்று போவதற்குச் சின்னச் சின்ன ஓட்டைகள் விட்டிருந்தார்கள். குற்றாலத்துக் குரங்குகளுக்கு அதெல்லாம் வாசல். ஒருநாள் மத்தியானம் இசக்கிமணியின் தூக்குச் சட்டியைத் திறந்து சோற்றை இறைத்துவிட்டு, மாதிரிக்கு நான் கொண்டுவந்திருந்த கைத்தறித் துண்டு ஒன்றையும் உருவிக்கொண்டு போய் உத்தரத்தில் உட்கார்ந்துகொண்டது ஒன்று. எனக்கு ஆத்திரம் வந்தால் கண்மண் தெரியாது.

"அந்த ஓட்டையெல்லாம் அடைச்சிரு இசக்கி."

"எல்லாத்தையுமாக்கா?"

"ஒண்ணு விடாம."

செங்கல் வைத்து ஒன்று விடாமல் அடைத்தான். குரங்குகள் எதிர்ப்புறத்து மதிலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. நான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவற்றைப் பார்த்துச் சிரித்தேன்.

வைகாசியில் கடை திறந்த அன்று என் வீட்டுக்காரரின் அண்ணன் இத்ரீஸ் வந்தார். தென்காசியில் கோயில் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். வியாபாரத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். நான் அவரைப் பெரிய மச்சான் என்று கூப்பிடுவேன். வாசலில் நின்று 'நியாய வணிகக் கடை' என்ற போர்டை வாசித்தார், பிறகு சுவரில் எழுதியிருந்ததையும் ஒரு வரி விடாமல் வாசித்தார்.

"எல்லாம் சரி. பாமாயில் எப்போ போடுவிய?" என்றார்.

நியாய விலை ரேஷன் கடை என்று கேலி செய்கிறாராம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டு நாள் கழித்து ஒரு பெரியவர் நிஜமாகவே கார்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றபோதுதான் சிரிப்பு நின்றது.

ஆனால் வியாபாரம் நடந்தது. சொன்னால் கண்பட்டுவிடும் என்று யாரிடமும் சொல்லாமல் இருந்தேன், அந்த அளவுக்கு நடந்தது. அருவியில் குளிக்க வருகிற கூட்டத்துக்குத் துண்டை மறந்துவிட்டு வருவதே பழக்கம். எங்கள் ஊர்த் தறியில் நெய்த துண்டுகள் பறந்தன. வாசுதேவநல்லூர் மாடத்தியக்காவும் அவளோடு சேர்ந்த பெண்களும் முடைந்த ஓலைப்பெட்டிகளை மதுரைக்காரர்கள் கைக்கு இரண்டாக எடுத்துக்கொண்டு போனார்கள். வருகிற துட்டில் மறுபடியும் சரக்கு எடுத்துத் தட்டு முழுக்க அடுக்கினேன். சீசன்தான் எங்களுக்கு வருஷம் முழுவதற்குமான வருமானம். சீசனில் விட்டால் பிறகு பிடிக்க முடியாது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் நஸீபா ஒரே கேள்வியைத்தான் கேட்பாள்.

"வாப்பாட்ட சொல்லிட்டியளா உம்மா?"

"இன்னும் கொஞ்சம் பாப்போம்."

"எவ்வளவுதான் பாப்பிய?"

வாப்பா இந்த வருஷம் வந்துவிடுவார், அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு அவர்தான் வருவார் என்று அவள் பள்ளிக்கூடத்தில் சொல்லியே விட்டாள். யாரைக் கேட்டுச் சொன்னாய் என்று அதட்டினேன். மனசுக்குள் எனக்கும் அதே அவசரம்தான். வாங்க என்ற ஒரு சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்து நிற்கும். அதைச் சொல்லிவிட்டு, பிறகு கடை படுத்துவிட்டால், வேலையையும் விட்டுவிட்டு வந்த மனுஷன் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்து விழுங்கிவிடுவேன்.

ஆனி பிறந்ததும் சாரல் ஒழுங்காகப் பிடித்துக்கொண்டது. ஆரியங்காவுப் பக்கமிருந்து காற்று, காற்றோடு பொடிப்பொடியாக மழை, நாள் முழுக்க ஈரம். ஊரே இதற்காகத்தான் காத்துக் கிடக்கிறது. நானும் காத்துக் கிடந்தேன். ஒரு காலையில் ஷட்டரைத் தூக்கியதும் உள்ளேயிருந்து ஒரு வாடை வந்தது. ஊறவைத்த துணியை மறந்துவிட்டால் வருமே, அந்த வாடை. யாரோ ஈரத் துண்டைத் தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்துத் தேடினேன். பெட்டிகளை நகர்த்தி அந்தப் பக்கம் கையை விட்டபோது சுவர் ஈரமாக இருந்தது.

ஈரம் என்றால் லேசாக இல்லை, வியர்த்து வழிந்தது. சுவரில் பட்ட கை பிசுபிசுத்தது. கூரை ஒழுகுகிறதா என்று அண்ணாந்து பார்த்தேன், ஒழுகவில்லை. என்ன நினைத்தேனோ தெரியாது, விரலை நாக்கில் வைத்தேன். கரித்தது. உப்பு.

தட்டில் இருந்ததையெல்லாம் எடுத்து நடுக் கடையில் போட்டேன். வெளியே பார்க்க லட்சணமாக இருந்த பெட்டிகளின் முதுகில் சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்திருந்தது. துண்டுகளைப் பிரித்தால் மடிப்புக்கு மடிப்பு பழுப்பு வட்டம். வாசலை ஒட்டி இருந்தது மட்டும்தான் தப்பியது. முக்கால்வாசிச் சரக்கு போய்விட்டது.

இசக்கிமணியைக் கூப்பிட்டேன். அவன் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைவிட அதிகமாக முழித்தான். "கல்லு மாதிரி இருந்துச்சேக்கா. நான் புதுவீட்டு வேலையாத்தான் பாத்திருக்கேன். இப்படி ஒரு செவுரைக் கண்டதே கிடையாது" என்றான். ஓர் இடத்தில் பூச்சை உளியால் தட்டினான். பொருக்காகப் பெயர்ந்து வந்தது. பின்னால் பழைய சுண்ணாம்பு சொதசொதவென்று இருந்தது. அப்புறம் இருவரும் நின்று யோசித்தபோதுதான் விளங்கியது. இத்தனை வருஷம் புளி மூட்டையிலிருந்து உப்பைக் குடித்த சுவர். சாரல் காற்று வந்தால் உப்பு ஈரத்தை இழுக்கத்தான் செய்யும். முன்னே அந்த ஓட்டைகள் வழியாகக் காற்று போய்வந்து ஈரத்தைக் கொண்டுபோயிருக்கிறது. நான் ஓட்டையையும் அடைத்து, சுவரையும் மூடி, அதில் ஒட்டினாற்போலச் சரக்கையும் அடுக்கியிருக்கிறேன்.

செங்கலைத் தட்டி எடுக்கச் சொன்னேன். மூன்றாவது ஓட்டை திறந்ததும் ஒரு குரங்கு எட்டிப் பார்த்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கச் சிரிக்க அழுகை வந்துவிட்டது.

செல்லச்சாமி அண்ணாச்சி குடையோடு வந்து பார்த்தார். "அப்பா அந்த ஓட்டைய அடைக்க விட்டதே இல்லம்மா. குரங்கை விரட்ட ஒரு ஆளைக் கவணும் கையுமா உக்கார வச்சிருந்தாரு. எதுக்கு இந்தத் தெண்டச் செலவுன்னு நாங்கதான் அவரைக் கேலி பண்ணுவோம்" என்றார்.

"அடைக்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி?"

"எனக்கே காரணம் தெரியாதே. அதுவும் போக, எங்க ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் அதட்டுத மாதிரி நீங்க அன்னைக்கு அதட்டி வேலை வாங்கிக்கிட்டு இருந்திய. குறுக்க பேச யாருக்குத் தைரியம் வரும்?"

பாவம், நல்ல மனுஷன்தான். சுவர் காய்கிற வரைக்கும் வாடகை வேண்டாம் என்றார். ஆனால் பூச்சை முழுக்க உரிக்க வேண்டும், உரித்த சுவர் இந்தச் சாரலிலும் காயாது, ஐப்பசி மழையிலும் காயாது. தை வெயில் வந்தால்தான் உண்டு. சீசன் அதற்குள் போய்விடும்.

அன்று சாயங்காலம் பார்த்துத்தான் சுஹைப் போன் செய்தார். "கம்பெனியில பேப்பர் குடுத்துட்டாங்க மாஜிதா. அடுத்த ரெண்டு வருஷத்துக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை கையெழுத்துப் போடணும். போடலன்னா எக்ஸிட் அடிச்சுட்டு ஊருக்கு வந்துருதேன். நீ சொல்லு. கடை நிக்கும்னு நீ சொன்னா நான் போடல."

இதில் ஓர் அநியாயம் இருக்கிறது. முடிவை என் தலையில் கட்டிவிட்டு அவர் மரியாதையாகக் காத்திருப்பார். மரியாதை கொடுக்கிற ஆளிடம் சண்டையும் போட முடியாது. "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று வைத்துவிட்டேன். சுவரைப் பற்றி வாயே திறக்கவில்லை. நஸீபா கதவுப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் இத்ரீஸ் மச்சான் வந்தார். நடுக் கடையில் குவிந்து கிடந்ததைப் பார்த்தார், ஒரு பெட்டியை எடுத்துத் தட்டினார், முகர்ந்தார், கீழே வைத்தார்.

"இதுக்குப் போயா மூஞ்சிய இப்படி வச்சிருக்கிய? எல்லாத்தையும் திருப்பி அனுப்புங்க. பெட்டிய அவங்க காயப் போட்டுத் தேச்சு வேற எங்கயாவது தள்ளிருவாங்க. துண்டைத் தறிக்காரங்க வெளுத்துக்கிடுவாங்க. குடுத்த துட்டை அடுத்தடுத்த சரக்குல கழிச்சுக்கிட்டா உங்களுக்கு ஒரு சேதமும் இல்ல. தென்காசியில எந்தக் கடைக்காரன் நஷ்டத்தைத் தன் தலையில தூக்கி வச்சிக்கிட்டு அலையுதான்?"

"திருப்பி அனுப்ப மாட்டோம்னு சுவத்துல எழுதி வச்சிருக்கேன் பெரிய மச்சான்."

"சுவரே ஊறிப் போச்சுல்லா" என்றார்.

பிறகு கேலியை விட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தணிந்த குரலில் பேசினார். "என் கடை மாடியில ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. அங்கன மாத்துங்க. சரக்கு நஷ்டம் உங்க மேல விழலன்னா இந்தச் சீசனுக்குள்ளேயே எந்திருச்சிரலாம். என் தம்பி வரணுமா வேண்டாமா? அதை மட்டும் யோசிச்சுச் சொல்லுங்க. வயசாகுது அவனுக்கும்."

கணக்கில் தப்பில்லை. அதுதான் என்னைப் போட்டு உலுக்கியது. சரக்கைத் திருப்பினால் கடை பிழைக்கும், கடை பிழைத்தால் அவர் வருவார். நடுவில் தடையாக இருப்பது நானே எழுத வைத்த ஒரு வரி. எழுதினவளுக்கு அதை அழிக்கவும் உரிமை இருக்கிறது, இந்த ஒரு தடவைதானே, மாடத்தியக்காவுக்குப் பிறகு சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமை காலையில் லோடு ஆட்டோவை வரச் சொல்லிப் பெட்டிகளையெல்லாம் சாக்கில் கட்டி ஏற்றினேன்.

தென்காசியிலிருந்து வாசுதேவநல்லூர் போக எங்கள் ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். கடையநல்லூர் பஸ் ஸ்டாண்டைக் கடக்கும்போது தெரிந்த முகம் எதுவும் பார்த்துவிடக் கூடாது என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். நஸீபா ஸ்பெஷல் கிளாசில் இருந்திருப்பாள். சொக்கம்பட்டி தாண்டியதும் சாரல் நின்று வெயில் வந்துவிட்டது. என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். சாரல்ல கொஞ்சம் பூத்துப் போச்சுக்கா. அடுத்த சரக்குல கழிச்சுக்கிடலாம்க்கா. எந்த மாதிரிச் சொன்னாலும் என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

மாடத்தியக்காவின் வீடு ஊர்க் கடைசியில். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், வாய் கொஞ்சம் ஜாஸ்தி. முதல் தடவை விலை பேசப் போனபோது என்னை முக்கால் மணி நேரம் நிற்க வைத்துப் பேரம் பேசியவள். வாசலில் ஆட்டோ நின்றதும் எழுந்து வந்தாள், சாக்குகளைப் பார்த்தாள். அவளே ஒரு சாக்கை இறக்கி அவிழ்த்து, பெட்டிகளை எடுத்து வெயிலில் பரப்ப ஆரம்பித்தாள்.

"சாரல்ல கொஞ்சம் பூத்துப் போச்சுக்கா" என்றேன்.

"ஆமா, பூத்திருக்கு."

"நல்லாத் தேச்சா போயிரும்னு நெனக்கேன். அடுத்த சரக்குல..."

"கழிச்சுக்கோங்க." எனக்கு அந்தச் சிரமம்கூட வைக்காமல் அவளே முடித்துவிட்டாள். "வழக்கம்தான? சங்கரன்கோயில் கடைக்காரரும் இப்படித்தான் கொண்டாந்து போடுவாரு. என்ன, நீங்க மொத்தமாக் குடுத்ததுல கூரைக்குப் புதுத் தகரம் போட்டுட்டேன். கையில துட்டா வேணும்னா என்கிட்ட இல்ல. தகரத்தையா பிரிச்சுத் தர முடியும்?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மறுபடியும் குனிந்து பெட்டிகளைப் பரப்பினாள்.

நான் வந்த காரியம் முடிந்துவிட்டது. ஒரு சத்தம் இல்லை, ஒரு மனஸ்தாபம் இல்லை. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்.

"ஏன்க்கா இப்படிப் பேசாம வாங்கிக்கிடுதிய? திருப்பவே மாட்டேன்னு சொல்லித்தான உங்ககிட்டச் சரக்கெடுத்தேன்? இப்போ கொண்டாந்து இறக்குதேன். என்னட்டி இதுன்னு ஒரு வார்த்தை கேளுங்களேன். ஏசுங்களேன் என்னை!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் எதற்குக் கத்துகிறேன் என்று அவளுக்கு விளங்கவில்லை.

"ஏசுனா? அடுத்த தடவை நீங்க வேற ஆள்கிட்டப் போயிருவிய. எங்களோட சேந்து ஏழெட்டுப் பொம்பளைங்க இருக்காவ. எனக்கு எதுக்கும்மா வம்பு?"

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சங்கரன்கோயில் கடைக்காரரிடம் எந்தக் குரலில் பேசுவாளோ அதே குரலில் என்னிடமும் பேசினாள், அவ்வளவுதான். விலைக்கு அன்றைக்கு அந்தப் பாடு படுத்தியவள், இன்றைக்கு என்னைப் பார்த்துப் பயந்து பேசுகிறாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாகர்கோவிலில் கற்றதும் சுவரில் எழுதியதும் அந்த நிமிஷம் எனக்கு ஞாபகம் வரவில்லை. அவள் முகம் என்னிடம் மாறிவிட்டதே என்பதுதான் வலித்தது.

செம்பைக் கீழே வைத்துவிட்டு, பரப்பியிருந்த பெட்டிகளைப் பொறுக்கித் திரும்பவும் சாக்கில் போட ஆரம்பித்தேன்.

"என்னம்மா செய்யுதிய? நான் எதுவும் தப்பாச் சொல்லிட்டனா?" மாடத்தியக்கா நிஜமாகவே பதறிவிட்டாள்.

"நீங்க ஒண்ணும் சொல்லல. இது கடைச் சரக்கு. கடைக்குத்தான் போகணும்."

"பூத்த பெட்டிய வச்சு என்ன பண்ணுவிய?"

"தெரியலக்கா. அடுத்த மாசத்துக்கு எப்பவும் போலச் சரக்கு போடுங்க. வழக்கம்போல துட்டைக் கையில வச்சுத்தான் எடுப்பேன்."

அவள் என்னை நம்பவில்லை. நம்பாமலே சாக்கின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொடுத்தாள். டிரைவர் சுடலைமணி ஏத்தவா இறக்கவா என்று எரிச்சலோடு கேட்டான். ஏத்து என்றேன்.

புளியங்குடி வரைக்கும் எதுவும் தோன்றவில்லை. பெட்டிகள் பின்னால் குதித்துக்கொண்டு வந்தன. செய்தது என்னவென்று அதற்குப் பிறகுதான் உறைத்தது. இன்று சனிக்கிழமை, நாளைக்குக் கையெழுத்து. கடைக்குப் போய் அந்தக் குவியலையும் இத்ரீஸ் மச்சானையும் பார்த்தால் மனசு மறுபடியும் மாறும் என்று எனக்கு என்னைப் பற்றித் தெரியும். ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். சுடலைமணி டீ குடிக்க இறங்கிப் போனான். நான் ஆட்டோவிலேயே உட்கார்ந்து போன் போட்டேன்.

"சொல்லு" என்றார் சுஹைப். எடுத்ததுமே அதைத்தான் சொன்னார்.

சொன்னேன். குரங்கிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன், நாக்கில் உப்புக் கரித்தது வரைக்கும், மாடத்தியக்கா செம்பில் தண்ணீர் கொடுத்தது வரைக்கும். கேட்டு முடித்ததும் மெதுவாகச் சொன்னார்:

"ஏசி வச்சு ஈரத்தை இழுக்குததுதான் மாஜிதா இங்கன எனக்குத் தினமும் வேலை. நான் அங்கன இருந்திருந்தா அடைக்கும்போதே வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

இருந்திருந்தால். பதினைந்து வருஷமாக எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான்.

"எப்போ சரியாகும்?" என்று கேட்டார்.

"தை ஆயிரும். அதுவரைக்கும் பெரிய மச்சான் கடை மாடியில சின்னதா நடத்தலாம். ஆனா இந்தச் சரக்கு நஷ்டம் நம்மளது, உங்க சம்பளத்துலதான் தாங்கணும். மாடத்தியக்காகிட்டயும் தறிக்காரங்ககிட்டயும் மாசாமாசம் சரக்கெடுக்கதை நிறுத்தவும் முடியாது. நிறுத்தினா நானும் சங்கரன்கோயில் கடைக்காரனும் ஒண்ணுதான்."

"அப்போ?"

"கையெழுத்துப் போடுங்க மச்சான்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"கடை நிக்காதுன்னு சொல்லுதியா?"

"நிக்கும்" என்றேன். "நீங்க அங்கன இருந்தா நிக்கும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று என் காதிலேயே விழுந்தது. அவரை வரவைக்கத்தான் கடை வைத்தேன். இப்போது கடைக்காக அவரை வராதீங்க, அங்கேயே இருங்க என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ரோட்டோரத்தில் ஆட்டோவில் உட்கார்ந்து முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு அழுதேன். டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்தேன். எனக்கு அவர் வேண்டும். அதை அவரிடம் சொன்னால் அந்த நிமிஷமே கிளம்பி வந்துவிடுவார் என்பதால் சொல்லவில்லை.

"சரி" என்றார் கடைசியில். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "சரி மாஜிதா. போடுதேன்." பிறகு, "நஸீபாகிட்ட நீ சொல்லுதியா, நான் சொல்லட்டுமா?" என்றார்.

இந்த ஆறு மாதத்தில் நான் எத்தனையோ கவலைப்பட்டேன். இதை அவளிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே இல்லை.

"நான் சொல்லுதேன்" என்றேன்.

சுடலைமணி டீ குடித்துவிட்டு வந்து வண்டியை எடுத்தான். ஸ்பெஷல் கிளாஸ் விட்டு நஸீபா வீட்டுக்கு வர இன்னும் நேரம் இருந்தது. கடையநல்லூரில் என்னை இறக்கிவிட்டுச் சரக்கைக் கடைக்குக் கொண்டுபோகச் சொன்னேன். அதுவரைக்கும் வண்டியை மெதுவாகவே ஓட்டச் சொன்னேன்.